குடை தேடி வந்தவர்கள்

அந்த பஸ் டிப்போவில் யாருடைய நிஜப் பெயரும் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. சம்பளப் பட்டியலில் ஒரு பெயர் இருக்கும்; அது வங்கிக்கும் வீட்டாருக்கும். டிப்போவுக்குள் விசில் என்றால் விசில்தான். இருபத்தாறு வருஷம் கண்டக்டராக இருந்தவர். ஆள் ஐந்தடி நாலங்குலம், தொண்டை மட்டும் ஆறடி. "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் காலியாக் கெடக்கு, நாலு பேர் நாட்டியமே ஆடலாம்" என்று அவர் பின்படியில் நின்று சத்தம் போட்டால் முன்படியில் நிற்கிறவர் தன்னால் இரண்டடி நகர்வார். பஸ்ஸை விட்டு இறங்கிப் போனவர்கூட நடைபாதையில் இரண்டடி நகர்ந்ததாக ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டதும் அவர்தான்.

ஒரு மழை நாளில் படியிலிருந்து வழுக்கி விழுந்து வலது முட்டி போயிற்று. ஆபரேஷன் நடந்தது. நாள் முழுக்க நிற்கிற வேலை இனி ஆகாது, ஆனால் தினமும் வலது காலை இப்படித் தூக்கி இப்படி இறக்கி அரை மணி நேரம் நடந்தால் தேறிவிடலாம் என்று சொல்லி, டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்தார். அந்தத் தாளை விசிலின் மனைவி ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் ஒரு காந்தத்தை வைத்து ஒட்டினாள். ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அது படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்த வீட்டில் முட்டிக்காக நடந்த தினசரிப் பயிற்சி அது ஒன்றுதான்.

அதே சமயத்தில் டிப்போவுக்கு ஓர் ஆலோசகர் தேவைப்பட்டார். மெக்கானிக்குகளுக்குப் புகையிலை, கண்டக்டர்களுக்கு சிகரெட், டிரைவர்களுக்கு சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும், சனிக்கிழமை ஆனால் எல்லாருக்கும் பொதுவாக பாட்டில். மேனேஜர் யோசித்தார். பேசிப் பேசியே ஆட்களை வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்றால் பேச்சுக்கு விசிலை விட்டால் யார்? அந்த ஒரு தகுதியை நம்பி அவரை இரண்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பி வைத்தார். தகுதி என்று எதை நினைத்தாரோ அதுதான் அங்கே காலை வாரியது.

பயிற்சி கொடுத்தவர் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. மெல்லிய குரல். இரண்டாம் நாளே விசிலை ஒரு நாற்காலியிலும், கூடப் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு தபால்காரரை எதிர் நாற்காலியிலும் உட்கார வைத்தார். தபால்காரர் சிகரெட்டை விட முடியாதவர், விசில் ஆலோசகர், பேசுங்கள் என்று சொல்லிவிட்டு அதை அப்படியே பதிவு செய்தார். பிறகு எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டினார்.

"நீங்க பேசினது பதினோரு நிமிஷம் சார். அவர் பேசினது நாப்பது செகண்ட். அதுலயும் பத்து செகண்ட் இருமல்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. விசிலும் சிரித்தார், ஆனால் காது இரண்டும் சிவந்துவிட்டன. "ஒருத்தர் குழியில விழப்போறார்னு தெரிஞ்சா சொல்லாம இருக்க முடியுமாம்மா?" என்றார்.

"அவருக்குத் தெரியாத எதைச் சொன்னீங்க? கெடுதல்னு சிகரெட் அட்டையிலயே போட்டிருக்கே. நாம மாறுன்னு தள்ளத் தள்ள, அவர் மாறாம இருக்கறதுக்குக் காரணம் தேடுவார். மாறணும்னு ஒரு காரணம் அவருக்குள்ளயும் இருக்கும். அது அவர் வாயால வரணும். அதுவரைக்கும் நம்ம வாய்க்கு வேலை இல்ல."

வாய்க்கு வேலை இல்லாத ஒரு வேலையா! அன்று திரும்பி வருகிற பஸ்ஸில் விசில் ராஜினாமாக் கடிதத்தை மனசுக்குள் எழுதிக்கொண்டே வந்தார். அப்போது அந்த பஸ்ஸின் கண்டக்டர் ஒவ்வொரு சீட்டாக வந்து "எங்க இறங்கணும்? எங்க இறங்கணும்?" என்று கேட்டுக்கொண்டு போனார். இருபத்தாறு வருஷமாக ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை தான் கேட்ட கேள்வி அது. 'ஐயா, நீங்க மார்க்கெட்ல இறங்கக் கூடாது, ஆஸ்பத்திரியிலதான் இறங்கணும்' என்று யாருக்காவது டிக்கெட் கொடுத்திருக்கிறோமா? கேட்டோம், சொன்னார்கள், கொடுத்தோம். 'உள்ள போங்க' என்று கத்தியதைத்தான் இத்தனை நாளும் கண்டக்டர் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தோம் போலிருக்கிறது. ராஜினாமாக் கடிதத்தை மூன்றாவது பாராவோடு நிறுத்திக்கொண்டார்.

டிப்போவில் அவருக்குக் கிடைத்தது தொலைந்த பொருள் அறை. "ரெண்டு வேலையும் நீயே பாத்துக்கய்யா" என்றார் மேனேஜர். மூன்று சுவரிலும் இரும்பு அலமாரி. டிபன் டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள், ஒரு பல்செட், ஓர் ஊன்றுகோல். ஊன்றுகோலை மறந்து வைத்துவிட்டு அந்த மனிதர் எப்படி இறங்கி நடந்து போனார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. மீதி இடமெல்லாம் குடைகள்.

முதல் மாசம் ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஆலோசகர் அறைக்குள் ஒருவர் நுழைந்தால், வெளியே வருவதற்குள் அவர் மொடாக் குடியர் என்று கேன்டீன் முழுக்கத் தீர்ப்பாகிவிடும், யார் வருவார்கள்? பிறகு ஒரு நாள் கிரீஸ் என்கிற மெக்கானிக் தலையை நீட்டி, "சார், என் குடை ஒண்ணு தொலைஞ்சு போச்சு" என்றான். கிரீஸின் வீடு டிப்போ மதிலுக்கு அடுத்த மதில். அவன் பஸ் ஏறியே ஆறு மாசம் இருக்கும். விசில் எதுவும் காட்டிக்கொள்ளாமல் பதிவேட்டைத் திறந்து, "உக்காருப்பா. என்ன கலர்?" என்றார்.

உட்கார்ந்தவன் குடையை விட்டுவிட்டுப் புகையிலைக்கு வந்தான். விட வேண்டும் என்கிற ஆசை பத்துக்கு எவ்வளவு என்று விசில் கேட்டார். மூன்று என்றான். ஏன் பத்து இல்லை என்று கேட்டால் சாக்குப்போக்குகள் வரிசை கட்டி வரும், மாற்றிக் கேளுங்கள் என்பது கண்ணாடிக்காரம்மாவின் பாடம். விசில் மாற்றிக் கேட்டார்.

"ஏன் ஒண்ணு இல்ல?"

கிரீஸ் தன் நகத்துக்குள் இருந்த கறுப்பைப் பார்த்தான். "என் சின்னப் பொண்ணுக்கு மூணு வயசு சார். முத்தம் குடுக்கப் போனா கன்னத்தைக் காட்டறா. ஆனா மூக்கைப் பொத்திக்கறா. ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யறா சார்."

விசிலின் நாக்கு நுனியில் அந்த நிமிஷம் ஒன்பது புத்திமதிகள் வந்து நின்றன. ஒன்பதையும் விழுங்கிவிட்டு, "கன்னத்தைக் காட்டறா" என்று மட்டும் திருப்பிச் சொன்னார். கிரீஸின் கண்ணில் தண்ணீர் முட்டியது, சிரிப்பும் வந்தது. போகும்போது, வெளியே இருக்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அலமாரியிலிருந்து ஒரு குடையை எடுத்துக்கொண்டு போனான். இரண்டு மாசத்தில் புகையிலையை விட்டான். நடுவில் இரண்டு தடவை குடை மறுபடியும் தொலைந்தது.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. வெறுங்கையோடு உள்ளே போவது, குடையோடு வெளியே வருவது, பழக்கம் விட்டுப்போனதும் குடையைத் திருப்பி வைப்பது. மழையே இல்லாத மாதங்களில் அந்த டிப்போவில் குடைகள் அப்படித் தொலைந்தன. யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலில் போகிறவனைப் பார்த்தால் எதிரே வருகிறவன் வானத்தைப் பார்த்துக்கொள்வான்.

இப்படி ஊரைத் திருத்திய மனிதர் கப்பல் விஷயத்தில்தான் கவிழ்ந்தார்.

கப்பல் என்பவர் டிரைவர். பதினெட்டு வருஷம் விசில் கண்டக்டராக இருந்த அதே பஸ்ஸை ஓட்டியவர், இன்றும் ஓட்டுகிறவர். பெருத்த உடம்பு, குறைந்த பேச்சு. அவர் ஒரு வளைவில் திரும்பினால் மடியில் தூங்குகிற குழந்தை புரண்டுகூடப் படுக்காது. பின்னால் விசில் கொடுக்கிற சத்தத்தை வைத்தே, ஏறியவர் கர்ப்பிணியா கல்லூரிப் பையனா என்று கப்பல் தெரிந்துகொள்வார் என்பார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் கப்பலின் மகனும் விசிலின் மகளும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதுவரை "யோவ்" என்று கூப்பிட்ட ஆளை "வாங்க சம்பந்தி" என்று கூப்பிட வேண்டியதாயிற்று. கல்யாண வரவேற்பிலேயே விசில் வாய் தவறி "யோவ் சம்பந்தி, இங்க வாய்யா" என்று மைக்கில் சொல்லிவிட்டார். டிப்போவில் அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அந்த வருஷ மருத்துவப் பரிசோதனையில் கப்பலுக்கு சர்க்கரையின் மூன்று மாச சராசரி பதினொன்று. டிப்போவின் விதி ஒன்பது. நாலு மாசத்தில் மறு பரிசோதனை. அப்போதும் ஒன்பதுக்கு மேல் என்றால் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. கேட்டில் உட்கார்ந்து உள்ளே வருகிற வண்டி, வெளியே போகிற வண்டி என்று எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. கப்பல் இதைக் கேட்டுவிட்டு நேராகக் கேன்டீனுக்குப் போய் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டு ஒரு டீ குடித்தார்.

விசிலுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வண்டி இல்லாத கப்பலை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பயம் வந்ததும் படித்த பாடமெல்லாம் பறந்துவிட்டது. ஆறடித் தொண்டை விழித்துக்கொண்டது.

முதல் வாரம் புத்திமதி. இரண்டாம் வாரம், கேன்டீன்காரரைக் கூப்பிட்டு சம்பந்தியின் டீயில் சர்க்கரை போடக்கூடாது என்று உத்தரவு. மூன்றாம் வாரம் மகளிடமிருந்து தினசரி அறிக்கை. "அப்பா, மாமா இன்னிக்கு மாத்திரை போடல", "அப்பா, மாமா பையில ரெண்டு இனிப்பு பன்" என்று அவளும் மாமனார் மேல் உள்ள கவலையில் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலாம் வாரம் ஒரு காலை, கப்பல் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது விசில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மாட்டியிருந்த அவருடைய பையைத் திறந்து, பன்னை வெளியே எடுத்து, வரிசையில் நின்ற பயணிகளுக்கு முன்னால் உயர்த்திக் காட்டினார்.

"இது என்னய்யா? இது என்னன்னு கேக்கறேன்!"

கப்பல் துணியைக் கீழே வைத்தார். "நீ எனக்குச் சம்பந்தியா, செக்கரா?" என்றார்.

செக்கர் என்றால், நடுவழியில் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தி ஏறி, பயணி டிக்கெட் எடுத்தாரா, கண்டக்டர் பையில் என்ன இருக்கிறது என்று துழாவுகிற பரிசோதகர். பதினெட்டு வருஷமும் இவர்கள் இருவரும் ஒன்றாகச் சேர்ந்து திட்டியது அவரைத்தான். பஸ்காரர்களிடையே இதைவிடப் பெரிய வசவு கிடையாது. விசிலின் கையில் இருந்த பன் அப்படியே நின்றது. கப்பல் அதை வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பேச்சு நின்றுபோயிற்று.

அன்று சாயங்காலம் மகள் போன் செய்தாள். குரல் சரியில்லை. "அப்பா, இனிமே மாமாவைப் பத்தி என்கிட்ட எதுவும் கேக்காதீங்க. நான் சொன்னதுதான்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரு வார்த்தை திட்டல. அதுதான்ப்பா தாங்கல. இது என் வீடு. இங்க நான் உளவு பாக்க முடியாது."

விசில் போனை வைத்துவிட்டு நாற்காலியில் கிடந்தார். மனைவி காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஊருக்கெல்லாம் காதைக் குடுக்கறீங்க. சம்பந்திக்கு மட்டும் வாயைக் குடுத்திருக்கீங்க."

"அவன் செத்துப் போயிடுவான்டி."

"அந்தப் பயம் உங்களுக்கு. அவருக்கு என்ன பயம்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?" அவள் எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள். தாள் படபடத்தது. "ஊருக்குத்தான் உபதேசம்னு சும்மாவா சொன்னாங்க!"

மறுநாள் விசில் கப்பலின் பஸ் உள்ளே வருகிற நேரத்துக்கு யார்டில் போய் நின்றார். மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கம், அதற்கு முன்னால் ஒரு முன்னுரை என்று மூன்று பக்கம் மனசில் இருந்தது. கப்பல் இறங்கி வந்ததும் அதெல்லாம் மறந்துபோயிற்று. "தப்புப் பண்ணிட்டேன். இனிமே உன் பையைத் தொட மாட்டேன்" என்றார். அவர் வாழ்க்கையிலேயே பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

"சரி" என்று சொல்லிவிட்டுக் கப்பல் போய்விட்டார்.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நல்ல கோடை. தார் ரோடு இளகுகிற வெயில். ஒரு மத்தியானம் விசில் பல்செட்டுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது அறை வாசல் இருண்டது. நிமிர்ந்து பார்த்தால் கப்பல். வாசலை முழுக்க அடைத்துக்கொண்டு, தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"ஒரு குடையைத் தொலைச்சுட்டேன்" என்றார்.

பதினெட்டு வருஷத்தில் அந்த மனிதர் குடை பிடித்து விசில் பார்த்ததே இல்லை. கொட்டுகிற மழையிலும் தொப்பியோடு நடப்பவர். விசிலுக்கு எழுந்து கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. எழவில்லை. பதிவேட்டைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றி, "உக்காருங்க. என்ன கலர்?" என்றார்.

"கறுப்பு."

கறுப்பு என்று எழுதினார். பிறகு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரம் ஓடியது. வெளியே யாரோ டயரைத் தட்டிப் பார்த்தார்கள். நாக்கை எங்கேயாவது வைக்க வேண்டும் என்று மேல் பல்லை எண்ணிக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார்: "எங்க இறங்கணும்?"

கப்பலின் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போயிற்று. "கேட்டுல இறங்கக் கூடாது. அவ்வளவுதான்."

"கேட்டுல இறங்கக் கூடாது."

"ஆமா." கப்பல் தொப்பியை மறுபடியும் சுருட்டினார். "மாத்திரை போடக் கூடாதுன்னு எனக்கு ஒண்ணும் வீம்பு இல்லய்யா. போட்டேன். நாலு மாசத்துக்கு முன்னாடி வரைக்கும் ஒழுங்காப் போட்டேன். காலைல அஞ்சு மணி வண்டிக்கு வெறும் வயித்துல அதைப் போட்டுட்டுத்தான் கிளம்புவேன். ஒரு நாள் ஒன்பது மணி ட்ரிப்ல, பாலத்துல ஏறும்போது கை நடுங்க ஆரம்பிச்சுது. வேர்த்துக் கொட்டுது. எதிர்ல வர்ற வண்டி ரெண்டாத் தெரியுது. எப்படியோ ஓரங்கட்டினேன். எஞ்சின் சூடாயிடுச்சுன்னு பொய் சொன்னேன். ஒரு அம்மா கையில இருந்த மிட்டாயை வாங்கி வாயில போட்ட பிறகுதான் கை நின்னுது."

விசில் பேனாவை மூடி வைத்தார்.

"அன்னியிலேருந்து மாத்திரையை நிறுத்திட்டேன். வண்டியில உக்காந்தா ஒரு பன் வாயில இருக்கணும். இல்லேன்னா பயம். டாக்டர்கிட்ட சொன்னா அன்னிக்கே சாவியை வாங்கிடுவாங்க. அதனால சொல்லல."

பையைத் துழாவி, டீயில் சர்க்கரையை நிறுத்தி, மகளை உளவு வைத்து, நாலு வாரம் ஆர்ப்பாட்டம் செய்தாயிற்று. அந்த பன் எதற்கு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. விசிலுக்குத் தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது. ஆனால் இது வெட்கப்படுகிற நேரம் இல்லை என்றும் தெரிந்தது. "நாப்பது பேரை வெச்சுக்கிட்டு கை நடுங்கியிருக்கு. தனியாவே தாங்கியிருக்கீங்க" என்றார்.

கப்பல் தலையை ஆட்டினார்.

"டாக்டர்கிட்ட சொல்லணும்னு தோணுதா? பத்துக்கு எவ்வளவு?"

"ரெண்டு."

"ஏன் ஒண்ணு இல்ல?"

கப்பல் தொப்பியைப் பிரித்து முட்டியில் வைத்து நீவினார். "அன்னிக்கு முன் சீட்டுல நம்ம பொண்ணு உக்காந்திருந்தா. ஆபீஸுக்குப் போறதுக்கு. எஞ்சின் சூடுன்னு சொன்னதும், 'மாமா, நீங்க எறங்கி நிழல்ல நில்லுங்க, உங்களுக்கு வேர்க்குது'ன்னா."

நம்ம பொண்ணு என்றார். விசில் பதிவேட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். கறுப்பு என்ற எழுத்தின் மேல் ஒரு சொட்டு விழுந்து மை கலைந்தது.

"நாளைக்கே போறேன்" என்றார் கப்பல். யாரும் சொல்லவில்லை, அவரே சொன்னார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, வெறுங்கையோடு வெளியே போகக்கூடாது. அலமாரியில் பார்த்தால், அந்த மாசம் டிப்போவில் அவ்வளவு பேர் திருந்திக்கொண்டிருந்ததால் ஒரே ஒரு குடைதான் மிச்சம். ஏதோ குழந்தை விட்டுப்போனது. மஞ்சள் நிறம், விளிம்பெல்லாம் வாத்துப் படம். கப்பல் அதை எடுத்துக்கொண்டு, அந்தப் பெரிய உடம்போடு, யார்டு நடுவில் நேராக நடந்து போனார். முப்பது பேர் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள்.

டாக்டர் திட்டவில்லை. அந்த மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வண்டி எடுத்தால் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும், இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். மருந்தை மாற்றினார். புது மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க இரண்டு வாரம் வண்டி எடுக்கக் கூடாது என்றார். அந்த இரண்டு வாரமும் கப்பல் எந்த கேட்டுக்குப் பயந்தாரோ அதே கேட்டில் உட்கார்ந்து வண்டி எண்களை எழுதினார். நாற்காலிக்குப் பின்னால் வாத்துக் குடை தொங்கியது. பிறகு வண்டிக்குத் திரும்பினார். இனிப்பு பன் போய், வீட்டிலிருந்து ஒரு டப்பா வந்தது. டீயில் நாலு ஸ்பூன் இரண்டாகி, ஒன்றாகி, ஒரு நாள் இரண்டாகி, மறுபடியும் ஒன்றாயிற்று. இதையெல்லாம் விசில் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, கேன்டீனில் தானாகக் கண்ணில் பட்டது. அந்த இரண்டாவது 'இரண்டு' அன்று மட்டும் பல்லை இரண்டு தடவை எண்ண வேண்டியிருந்தது.

மறு பரிசோதனை முடிவு வருகிற நாள். கேட்கக் கூடாது என்று விசில் காலையிலேயே சபதம் செய்துகொண்டு அறையில் உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு மனைவி போன் செய்தாள், ஏதாவது தெரிந்ததா என்று. பதினோரு மணிக்கு மகள்.

"அப்பா, மாமா ஏதாவது சொன்னாரா?"

"என்கிட்ட கேக்காதே. இது என் ஆபீஸ். இங்க நான் உளவு பாக்க முடியாது."

"அப்பா!" என்று சிணுங்கிவிட்டு அவள் சிரித்தாள். அவள் சிரித்துப் பேசி ரொம்ப நாள் ஆகியிருந்தது.

பன்னிரண்டரைக்கு வாசல் இருண்டது. கப்பல் உள்ளே வந்து வாத்துக் குடையை மேஜை மேல் வைத்தார். "இது என்னோடது இல்ல. வேற யாருக்காவது வேணும்னா குடுங்க" என்றார்.

விசில் பல்லை எண்ண ஆரம்பித்தார். ஏழு வரை வந்திருப்பார்.

"எட்டு புள்ளி மூணு" என்றார் கப்பல்.

"யோவ் சம்பந்தி!" என்று கத்திக்கொண்டு விசில் துள்ளி எழுந்தார். மனசு எழுந்தது, முட்டி எழவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, முகம் கோணி, மெதுவாக மறுபடியும் உட்கார்ந்தார். கப்பல் அதைப் பார்த்தார். போவதற்காகத் திரும்பியவர், நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"முட்டி எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

"ஃப்ரிட்ஜுல ஒரு தாள் பறக்குதாமே. சம்பந்தியம்மா சொன்னாங்க."

"நேரம் எங்கய்யா இருக்கு? காலைல எழுந்தா..." என்று விசில் தொடங்கினார். சாக்குப்போக்குகள் வரிசை கட்டி நிற்பது அவருக்கே தெரிந்தது. நிறுத்திக்கொண்டார்.

கப்பல் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. பெரிய கைகளை மேஜை மேல் வைத்துக்கொண்டு, வண்டி கிளம்பக் காத்திருக்கிறவரைப்போலச் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். "பத்துக்கு எவ்வளவு?" என்றார்.

"விளையாடாதய்யா."

"எவ்வளவு?"

"ரெண்டு."

"ஏன் ஒண்ணு இல்ல?"

விசில் வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அதில் எதுவும் தயாராக இல்லை. ஜன்னலுக்கு வெளியே அவர்களுடைய பழைய பஸ் நின்றிருந்தது. அதன் பின்படி வெயிலில் பளபளத்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், பேச ஆரம்பித்தபோது குரல் ஐந்தடி நாலங்குலம்கூட இல்லை.

"உனக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ். கடைசி நாள், கடைசி ட்ரிப். அன்னிக்கு அந்தப் படியில நின்னு நான்தான் உனக்கு ரெண்டு விசில் குடுக்கணும். வேற எவனாவது குடுத்தா என்னால தாங்க முடியாதுய்யா."

இது தனக்குள் இருந்தது என்று சொல்லி முடிக்கிற வரைக்கும் அவருக்கே தெரியாது.

"படியில நிக்கணும்" என்றார் கப்பல்.

"ஆமா."

கப்பல் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். பேனாவை எடுத்து, அன்றைய தேதிக்கு நேரே 'குடை ஒன்று' என்று எழுதினார். தொலைத்தவர் என்ற கட்டத்தில் 'விசில்' என்று எழுதினார். பிறகு வாத்துக் குடையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, வண்டிக்கு நேரமாயிற்று என்று எழுந்து போனார்.

அன்று சாயங்காலம் விசில் பஸ் ஏறவில்லை. மஞ்சள் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யார்டைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, வீட்டைப் பார்த்து நடந்தார். எதிரே வந்த கிரீஸ் நின்று, குடையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், பிறகு மரியாதையாக வானத்தைப் பார்த்தான்.